ஜாவா படிக்கும் பிள்ளையிடம் ஒரு கணக்கேடு கேளுங்கள்

(நமது அறக்கட்டளை நடத்தும் கணினிப் பயிற்சியின் புதிய வகுப்பு தொடங்கியபோது, பெற்றோர், மாணவ மாணவியர் முன் கல்விக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். நமது கல்விக் குழுவுக்கு வரும் உதவி விண்ணப்பங்களில் கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் வருவது கணினிப் பயிற்சி நிலையங்களின் கட்டண ரசீதுதான். ‘என்டர்பிரைஸ் ஜாவா’, ‘ஃபுல் ஸ்டாக் ஜாவா’, ‘வேலை உறுதி’ என்று அச்சடித்த வண்ணத் துண்டறிக்கையும் கூடவே இணைக்கப்பட்டிருக்கும். பிள்ளையின் வாப்பா இங்கே ஒரு கடையில் நிற்பவராக இருப்பார், அல்லது சவூதியில் டிரைவராக இருப்பார். உம்மா கைவளையலை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டு, மீதிக்கு நம்மிடம் வந்திருப்பார். அடகுக்கடை வட்டியிலிருந்து நம் மக்களைக் காப்பாற்றத்தான் பைத்துல்மால் வைத்திருக்கிறோம். படிப்பின் பெயரால் அவர்கள் மறுபடியும் அங்கேயே போய் நிற்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, “நீங்களே செய்த ஒன்றைத் திறந்து காட்டுங்கள் தம்பி” என்று கேட்டால் பலரால் காட்ட முடிவதில்லை. பாடங்களின் பெயரெல்லாம் தெரிகிறது. சர்வ்லெட் என்கிறார்கள், ஹைபர்நேட் என்கிறார்கள். ஆனால் நான்கு திரை உள்ள ஒரு சிறிய வேலையை முதலிலிருந்து கடைசிவரை கட்டியதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி ஒன்றை அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

எனவே இந்த வகுப்பில் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். நம் பைத்துல்மாலின் வட்டியில்லாக் கடன் கணக்கேட்டைப் போல ஒன்றை ஒவ்வொரு மாணவரும் ஜாவாவில் தாமே கட்டி முடிக்க வேண்டும். விண்ணப்பம், ஒப்புதல், கடன் கொடுத்தல், தவணை வாங்குதல். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இதற்குள்ளேயே ஏராளம் இருக்கிறது.

பெற்றோர்களுக்காக ஒரு விளக்கம். ‘என்டர்பிரைஸ்’ என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரே ஆள் ஒரே கணினியில் பயன்படுத்தும் கால்குலேட்டர் போன்றது ஒரு வகை மென்பொருள். பல பேர், பல இடங்களிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே பதிவேட்டைத் தொடுவது இன்னொரு வகை. ரயில் முன்பதிவும் மருத்துவமனைச் சீட்டும் பல்கலைக்கழகத் தேர்வு முடிவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அங்கே கணக்குத் தப்பக்கூடாது. யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு வேண்டும். பாதியில் மின்சாரம் போனாலும் பதிவேடு குழம்பக்கூடாது. இந்தப் பொறுப்புகளைச் சுமக்கும் மென்பொருளைத்தான் என்டர்பிரைஸ் என்கிறார்கள்.

அதன் அமைப்பு நம் அலுவலகத்தைப் போன்றதுதான். கடன் கேட்டு வருபவர் ஜன்னலில் நிற்கிறார். உள்ளே இருப்பவர் மனுவை வாங்கி, சரிபார்த்து, நிர்வாகிகள் சொன்ன விதிப்படி முடிவு செய்து, பிறகு பீரோவைத் திறந்து பேரேட்டில் எழுதுகிறார். வெளியில் நிற்பவர் கையை நீட்டிப் பீரோவைத் திறக்க விடுவதில்லை. கணினியிலும் அப்படியே. ஜன்னல் என்பது பிரவுசரில் தெரியும் பக்கம். உள்ளே இருப்பவர் சர்வரில் ஓடும் ஜாவா நிரல். பீரோ என்பது டேட்டாபேஸ். இந்த மூன்றையும் தனித்தனியாக வைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கலந்து எழுதினாலும் ஓடும். ஆறு மாதம் கழித்துத் திருத்தப் போனால்தான் அதன் வேதனை தெரியும்.

“ஜாவா பழசாகிவிட்டதாமே?” என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், வயதாகிவிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் உருவாக்கி 1995இல் வெளியுலகுக்கு வந்த மொழி அது. பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பு 1999இல் வந்தது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. நிறுவனங்களுக்கான அந்தப் பதிப்பை ஆரக்கிள் 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. 2018இல் அதற்கு ஜகார்த்தா இஇ என்று பெயர் மாறியது. பழசாக இருப்பதே இதில் ஓர் அனுகூலம். இத்தனை ஆண்டுகளாக எழுதப்பட்ட நிரல்கள் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

அடுத்தது கருவி. ஜாவா நிரலை நோட்பேடில்கூட எழுதலாம். ஆனால் யாரும் அப்படி வேலை செய்வதில்லை. அதற்கென்று ஐ.டி.இ. என்ற மென்பொருள் இருக்கிறது. எழுதும் இடம், பிழை காட்டும் இடம், ஓட்டிப் பார்க்கும் இடம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நாம் எடுத்துக்கொள்வது நெட்பீன்ஸ். பிராக் நகரத்தின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 1996இல் மாணவர்கள் தொடங்கிய வேலைதான் அது. பிறகு சன் நிறுவனம் வாங்கி, 2000இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இப்போது அப்பாச்சி அறக்கட்டளையிடம் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் தொடங்கியது என்பதை இங்கே உள்ள பிள்ளைகள் காதில் போட்டுக்கொண்டால் நல்லது.

எக்லிப்ஸ் வைத்திருப்பவர்கள் அதிலேயே தொடரலாம். இன்டெல்லிஜே ஐடியா பழகியவர்களும் தொடரலாம். ஆனால் அதன் கட்டணப் பகுதிக்காக ‘கிராக்’ தேடி இறக்காதீர்கள். பிறர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுப்பது ஒரு பக்கம், அந்தக் கோப்போடு வைரஸும் வீட்டுக்கு வரும் என்பது இன்னொரு பக்கம். நமக்கு அந்த அவசியமே இல்லை. நெட்பீன்ஸ் இலவசம், ஓப்பன் ஜேடிகே இலவசம், டாம்கேட் சர்வர் இலவசம், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களும் இலவசம். 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய மடிக்கணினி போதும். 4 ஜி.பி.யில் ஓடும், ஆனால் பிள்ளையின் பொறுமை ஓடிவிடும். புதிய கணினி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் நெருக்கடி கொடுப்பவர்கள் முதலில் இங்கே மாடியில் உள்ள கணினிகளில் இரண்டு மாதம் உட்கார்ந்து காட்டட்டும்.

இந்தக் கருவி எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்வது எளிது. நாம் ஆண்டுதோறும் தையல் எந்திரம் கொடுக்கிறோம். மோட்டார் வைத்த எந்திரம் கையெந்திரத்தைவிட வேகமாகத் தைக்கும். ஆனால் அளவு எடுப்பதும் துணியை வெட்டுவதும் எந்திரத்தின் வேலை இல்லை. தப்பாக வெட்டிய துணியையும் அது அழகாகத் தைத்துக் கொடுத்துவிடும். நெட்பீன்ஸும் அப்படித்தான். சொல்லை முழுதாக எழுதுவதற்குள் மீதியை நீட்டும். எழுத்துப் பிழைக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். மேவன் என்ற ஏற்பாட்டின் மூலம் தேவையான துணை நிரல்களைத் தானே இறக்கிவைக்கும். ஆனால் கடனுக்கான விதியைப் பிள்ளை தப்பாக எழுதினால் சிவப்புக் கோடு விழாது.

முதல் நாளிலேயே ஒரு மயக்கம் வரும். நெட்பீன்ஸில் புதிய புராஜெக்ட் என்று அழுத்தி, மேவன் வகையில் வெப் அப்ளிகேஷனைத் தேர்ந்து, சர்வரைக் காட்டி, பச்சை முக்கோணத்தை அழுத்தினால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்ற முகவரியில் ஒரு பக்கம் திறக்கும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதில் பிள்ளை எழுதியது ஒரு வரிகூட இல்லை. மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த அழுத்தலுக்குப் பின்னால் நிரல் எப்படித் தொகுக்கப்பட்டது, எந்தக் கோப்பாகக் கட்டப்பட்டது, சர்வர் அதை எங்கே வைத்தது என்று மறுநாள் வந்து சொல்ல வேண்டும். ஒருமுறையாவது நெட்பீன்ஸைத் திறக்காமல், மேவனைக் கட்டளை வரியில் ஓட்டி அதே பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்த பிள்ளை எந்தக் கருவிக்கும் அடிமையாக மாட்டான்.

இனி கணக்கேட்டுக்கு வருவோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே நீளமான வசனம் என்பது நமக்குத் தெரியும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், தொகை சிறியதென்று சோம்பல்படக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மேடைகளில் நாம் அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லி, அல்காரிதம் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது என்று பெருமைப்பட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். அவருடைய அல்ஜீப்ரா நூலில் பெரும் பகுதி வாரிசுச் சொத்துப் பிரிக்கும் கணக்கு என்பதைச் சொல்வதில்லை. தன் சமூகத்துக்கு அன்றாடம் தேவைப்பட்ட கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். நாமும் நமக்குத் தேவையான கணக்கை எடுத்துக்கொள்கிறோம்.

முதல் திரை, பெயர் பதிவு. இதிலேயே நம் ஊர் ஒரு பாடம் நடத்தும். ஜமாஅத்தில் முஹம்மது இப்ராஹீம் எத்தனை பேர்? வாப்பா பெயரைச் சேர்த்தாலும் இரண்டு பேருக்கு ஒன்றாக வரும். பழைய பேரேட்டில் வீட்டுப் பெயரையும் பட்டப் பெயரையும் எழுதிச் சமாளித்தோம். ஆகவே டேட்டாபேஸில் பெயரை அடையாளமாக வைக்க முடியாது, ஒவ்வொருவருக்கும் தனி எண் வேண்டும். பாடநூலில் ‘பிரைமரி கீ’ என்று ஒரு வரியில் கடந்துபோவது இங்கே ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விழாமல் காக்கும் ஏற்பாடு.

அடுத்து, ஸஅதிய்யா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி போடுவார்கள். டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையைச் சொற்களை ஒட்டவைத்து உருவாக்கியிருந்தால், அந்தக் குறி வந்த இடத்தில் கட்டளை உடைந்துவிடும். ஒரு நல்ல பெண்ணின் பெயரே உடைக்கிறதென்றால், கெட்ட எண்ணம் உள்ளவன் அந்தப் பெட்டியில் என்னவெல்லாம் தட்டுவான்? பதிவேட்டையே அழிக்கும் கட்டளையைத் தட்டலாம். உலகம் முழுதும் இணையத் திருடர்கள் பயன்படுத்தும் பழைய வழி இது. ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ முறையில், மதிப்பைத் தனியாகவும் கட்டளையைத் தனியாகவும் அனுப்பினால் இந்த வழி அடைபடும். எனவே நம் வகுப்பில் முதல் சோதனைப் பெயர் ஸஅதிய்யாதான். தமிழிலும் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும். எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்-8 என்று எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாவிட்டால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக வந்து நிற்கும்.

பணத்தை ‘டபுள்’ என்ற எண் வகையில் வைக்கக்கூடாது. அது தசமங்களைத் தோராயமாகவே வைத்திருக்கும், கூட்டிக்கொண்டே போனால் பைசா தப்பும். ‘பிக்டெசிமல்’ இருக்கிறது, அல்லது முழுவதையும் பைசாவாக முழு எண்ணில் வைக்கலாம்.

தேதி விஷயம் ருசிகரமானது. ஜகாத் ஆண்டு பிறைக் கணக்கில் போவதால், பிள்ளைகள் ஹிஜ்ரி தேதியும் காட்ட ஆசைப்படுவார்கள். 2014இல் வந்த ஜாவா 8 பதிப்பிலேயே ஹிஜ்ரி நாட்காட்டி இருக்கிறது. ஆனால் அது சவூதியின் உம்முல் குரா நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. நம் ஊரில் பிறை பார்த்து அறிவிக்கும் தேதியோடு ஒரு நாள் முன்பின்னாக வரும். கணினி சொல்கிறதே என்று ஹாஜியாரிடம் வாதாடப் போக வேண்டாம். பெருநாள் சண்டையை மென்பொருளுக்குள்ளும் கொண்டுவர வேண்டுமா? ஆங்கிலத் தேதியைச் சேமித்து, ஹிஜ்ரி தேதியை நிர்வாகி கையால் திருத்தும்படி விட்டுவிடலாம். எதைக் கணினியிடம் விடலாம், எதை மனிதரிடம் விட வேண்டும் என்று யோசிப்பதும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

இனி இந்த வேலையின் நடுநாயகம். ஒருவருக்கு 10,000 ரூபாய் கடன் கொடுக்கிறோம். இரண்டு இடத்தில் எழுத வேண்டும். பைத்துல்மால் இருப்பில் 10,000 குறைய வேண்டும். வாங்கியவர் கணக்கில் 10,000 ஏற வேண்டும். முதல் இடத்தில் எழுதி, இரண்டாவது இடத்தில் எழுதுவதற்குள் மின்சாரம் போனால் என்ன ஆகும்? காகிதப் பேரேடாக இருந்தால் கணக்கர் நினைவு வைத்து எழுதிவிடுவார். கணினியில் இருப்புக் குறைந்திருக்கும், கடன்காரர் யாரும் இருக்க மாட்டார். ஆண்டுக் கணக்குப் பார்க்கும் நாளில் 10,000 ரூபாய் எங்கே என்று கேட்பார்கள். சபையில் தலைகுனிந்து நிற்பவர், சம்பளம் வாங்காமல் பல வருடம் உழைத்த பொருளாளராக இருப்பார். ஒரு மாணவன் கவனிக்காத ஒரு வரி ஒரு நல்ல மனிதரின் அமானிதத்தில் கறை பூசிவிடும்.

இதற்காகத்தான் டிரான்ஸாக்ஷன் என்ற ஏற்பாடு இருக்கிறது. இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. நடுவழி கிடையாது. ஜகார்த்தாவில் அந்தச் செயலுக்கு மேலே ‘டிரான்ஸாக்ஷனல்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும், சர்வரே பார்த்துக்கொள்ளும் என்று பாடங்களில் இருக்கும். பெரும்பாலும் சரி. ஆனால் ஜாவாவில் பிழைகள் இரண்டு வகை. ‘செக்டு எக்ஸெப்ஷன்’ என்ற வகைப் பிழை வந்தால், தனியாகச் சொல்லிவைக்காதவரை சர்வர் வழக்கமாகப் பின்வாங்காது. அதுவரை எழுதியதை உறுதி செய்துவிடும். அதாவது இருப்பில் குறைத்தது அப்படியே நின்றுவிடும். ஸ்பிரிங்கிலும் இதே கதைதான். சான்றிதழ் வைத்திருப்பவரையும் வேலை தெரிந்தவரையும் பிரித்துக் காட்ட இந்த ஓர் இடமே போதும். வகுப்பில் ஒவ்வொருவரும் அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையை எறியவைத்து, பிறகு டேட்டாபேஸைத் திறந்து இருப்பைக் காட்ட வேண்டும். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இன்னொன்றும் பாருங்கள். ஜுமுஆ முடிந்ததும் இரண்டு மேசையில் தவணை வாங்குகிறோம். ஒருவருக்கு 6,000 ரூபாய் பாக்கி. அவர் ஒரு மேசையில் 500 கட்டுகிறார். அதே நேரத்தில் அவருடைய மகன் தெரியாமல் இன்னொரு மேசையில் 500 கட்டுகிறான். இரண்டு திரையிலும் 6,000 தெரிகிறது. இரண்டு பேரும் 500ஐக் கழித்து 5,500 என்று சேமிக்கிறார்கள். வாங்கியது 1,000, கணக்கில் குறைந்தது 500. யாரும் திருடவில்லை, ஆனால் ஓர் ஏழையின் 500 ரூபாய் காணாமல் போய்விட்டது. இதைத் தடுக்க ஒவ்வொரு பதிவுக்கும் ‘வெர்ஷன்’ என்று ஓர் எண் வைப்பார்கள். நீங்கள் படித்த பிறகு வேறு யாராவது திருத்தியிருந்தால், உங்கள் சேமிப்பை அது ஏற்காது. மறுபடி படித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும். இதையும் இரண்டு பிரவுசரைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து செய்து காட்ட வேண்டும். தவறாக எழுதிய தவணையை அழிக்கவும் கூடாது. நம் கணக்கர் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதைப் போல, எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. பயிற்சிக்கு நம் பைத்துல்மாலின் உண்மையான பெயர்களைத் தரமாட்டோம், கேட்கவும் வேண்டாம். யார் கடன் வாங்கினார், எந்த விதவைத் தாய்க்கு ஜகாத் போகிறது என்பது அவர்களுடைய மானம். அது மாணவரின் மடிக்கணினியிலோ பென் டிரைவிலோ இருக்கக்கூடாது. கற்பனைப் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களுக்கே உண்மைப் பெயர்களுக்கான காவலைப் போடப் பழகுங்கள். தவணை வாங்குபவர் தவணைத் திரையை மட்டும் பார்க்கட்டும். ஜகாத் பட்டியல் அவருக்குத் திறக்கக்கூடாது. கடவுச்சொல்லை எழுதியபடியே சேமிக்கவும் கூடாது.

வீட்டில் தனியாகப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யூடியூபில் பழைய பாடத்தைப் பார்த்து அப்படியே எழுதுவீர்கள், எல்லாம் சிவப்பாக நிற்கும். உங்கள் அறிவில் குறை ஒன்றும் இல்லை. ஜகார்த்தா என்று பெயர் மாறிய பிறகு, 2020இல் வந்த 9ஆம் பதிப்பில், ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பெயர்களெல்லாம் ‘ஜகார்த்தா’ என்று தொடங்கும்படி மாற்றப்பட்டன. டாம்கேட் 9 பழைய பெயரைத்தான் அறியும், டாம்கேட் 10 புதிய பெயரைத்தான் அறியும். பாடமும் சர்வரும் ஒரே காலத்தவையா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் “எனக்கு வராது” என்று மூடிவைத்துவிடுகிறார்கள். பிழைச் செய்தி ஐம்பது வரி ஆங்கிலத்தில் கொட்டும்போதும் அப்படித்தான். முழுவதையும் படிக்க வேண்டாம். ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதை முதலில் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும். பிறகு நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் எந்த வரியில் வருகிறது என்று தேடுங்கள்.

“கம்பெனிகளில் ஸ்பிரிங் பூட்தானே கேட்கிறார்கள்?” என்று ஒரு தம்பி கேட்டார். சரியான கேள்வி. அதிகம் கேட்கப்படுவது அதுதான். ஸ்பிரிங் பூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வழக்கமாக இருப்பது இதே டாம்கேட்தான், டேட்டாபேஸோடு பேசுவதும் பெரும்பாலும் இதே ஜேபிஏ முறைதான். கணக்கேட்டை ஒருமுறை இங்கே கட்டியவர், அதையே ஸ்பிரிங் பூட்டில் மாற்றிக் கட்டுவது வகுப்பின் கடைசிப் பகுதி.

இப்போது ஏ.ஐ.யே எழுதித் தருகிறதே என்ற கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொல்கிறோம். எழுதித் தருகிறது, நன்றாகவே எழுதுகிறது. பயன்படுத்துங்கள். ஆனால் மேலே சொன்ன 10,000 ரூபாய்ச் சோதனையை அந்த நிரல் தாங்குமா என்று பார்க்கத் தெரியாதவர், அதை வாங்கி என்ன செய்வார்? வகுப்பில் முதல் மாதம் மட்டும் அது வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். வங்கி மென்பொருளில் வேலை செய்யலாமா என்று கேட்பவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அது எங்கள் வேலை இல்லை. மருத்துவமனை, கல்வி, போக்குவரத்து, வணிகம் என்று வேறு துறைகளிலும் இதே திறன் தேவைப்படுகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. படித்து முடித்து, நிக்காஹ் ஆகி, குழந்தை பெற்று, நான்கைந்து வருடம் கழித்துத் திரும்ப நினைக்கும் பிள்ளைகள் நம் தெருவில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டம் பழசாகியிருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓடுகிற ஒரு வேலையைத் திறந்து காட்டி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிந்தால், இடைவெளியைப் பற்றிய கேள்விக்கு அதுவே பதிலாக நிற்கும். காலை வகுப்பு பெண்களுக்கு மட்டும். கைக்குழந்தையோடு வரலாம், பக்கத்து அறையில் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

பெற்றோர்களே, உங்களுக்குக் கணினி தெரியாது என்று ஒதுங்காதீர்கள். வாரம் ஒருமுறை பிள்ளையிடம், “இந்த வாரம் என்னம்மா செய்தீங்க, காட்டுங்க” என்று கேளுங்கள். திரையில் ஒரு பெயரை நீங்களே தட்டிச் சேமியுங்கள். கணினியை அணைத்துவிட்டுத் திறந்து, அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தொகை இருக்கும் இடத்தில் கழித்தல் குறி போட்டு 500 என்று தட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்கு இன்னும் வேலை இருக்கிறது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு அழகான அலுவலகம் வைத்திருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான நிறுவனம் வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்காது.

தனியார் நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன், காசில்லாமல் கிடைப்பதைப் பார்த்துவிடுங்கள். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஜாவா பாடம் இருக்கிறது. படிப்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதுவதற்கு மட்டும்தான். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் தமிழ்க் குரலிலும் பாடங்கள் உண்டு. கல்லூரியில் படிப்பவர்கள், தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி வந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கல்விக் குழு எடுத்திருக்கும் முடிவையும் இங்கேயே அறிவித்துவிடுகிறோம். இனி கணினிப் பயிற்சிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வருபவர்கள், துண்டறிக்கையோடு வந்தால் போதாது. சிறியதாக இருந்தாலும் தாமே செய்த ஒன்றை நம் அலுவலகக் கணினியில் ஓட்டிக் காட்டி, குழுவில் உள்ள இரண்டு மென்பொருள் ஊழியர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சரியாக வராவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளமாட்டோம், இந்த வகுப்பில் சேர்த்துவிட்டு மறுபடி கேட்போம். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு நடுவில் நிற்பவர்களும் வந்து பேசுங்கள். அடகில் இருக்கும் நகையை மீட்க வட்டியில்லாக் கடன் தருவது குறித்து பைத்துல்மால் நிர்வாகிகளோடு பேசி வைத்திருக்கிறோம். யாரும் கூச்சப்பட வேண்டாம், பெயர் வெளியே வராது.

ஆண் பிள்ளைகளுக்கு வகுப்பு மஃரிபுக்குப் பிறகு தொடங்கி இஷா பாங்கோடு முடியும். முதல் வாரம் கணினியைத் தொடமாட்டோம். நம் பழைய பேரேட்டின் காலியான ஒரு தாளைப் பிரதி எடுத்துத் தருவோம். அதில் ஒரு கற்பனைக் கடனை, விண்ணப்பத்திலிருந்து கடைசித் தவணை வரை கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். பேனாவும் அளவுகோலும் போதும். பெயர் கொடுக்காதவர்கள் வெளியே மேசையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், இன்ஷா அல்லாஹ் வகுப்பில் சந்திப்போம். வஸ்ஸலாம்.